மறைமலைநகர்ல மஸ்டாங் எஞ்சினா? வதந்திக்காக ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட்

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நம்ம ஊர் பொன்னமராவதி, புதுக்கோட்டை மாவட்டம். மாட்டுப்பொங்கல் அன்னைக்கு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டீ குடிச்சிட்டு நிக்கும்போது சித்தி பையன் போனை நீட்டினான். ஒரு வீடியோ. சிவப்பு மஸ்டாங், பின்னாடி மறைமலைநகர் ஃபோர்டு ஆலை, மேல கொட்டை எழுத்துல "வி-8 இனி நம்ம சென்னையில்!"

"அண்ணே, பாத்தீங்களா? எஞ்சின் இங்கேயே செஞ்சா விலை பாதியாயிரும்ல?"

அவனுக்கு வயசு 25. சிறுசேரியில வேலை, கையில வர்றது 46,000. அக்கவுண்ட்ல 2.7 லட்சம் சும்மா கெடக்கு. சித்தப்பாவுக்கும் சித்திக்கும் ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுடான்னு தீபாவளியிலேர்ந்து சொல்லிட்டு இருக்கேன். "அந்தக் காசுல கை வைக்கக் கூடாதுண்ணே, அது மஸ்டாங்குக்கு டவுன் பேமெண்ட்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். பாதி விளையாட்டு, பாதி நிஜம். எனக்குத்தான் சிரிப்பு வரல. இதே வேலையை அஞ்சு வருஷம் ஒழுங்கா செஞ்சவன் நான். வீடியோவுல இதுவரைக்கும் சொன்னதில்ல, இங்க எழுதிடறேன்.

முதல்ல அந்த வீடியோ விஷயத்தை முடிச்சிடுவோம்.

2025 அக்டோபர் கடைசியில் தமிழக அரசோட ஃபோர்டு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது உண்மை. 3,250 கோடி ரூபாய் முதலீடு. மறைமலைநகர் ஆலையில் எஞ்சின் தயாரிப்பு, ஏற்றுமதிக்காக. வருஷத்துக்கு 2,35,000 எஞ்சின் வரைக்கும் செய்யலாம். உற்பத்தி ஆரம்பம் 2029. என்ன வகை எஞ்சின், எந்த நாட்டுக்குப் போகுது என்பதையெல்லாம் உற்பத்தி நெருங்கும்போது சொல்றோம்னு விட்டுட்டாங்க. அந்தச் சின்ன இடைவெளியிலதான் பாதி ஆட்டோமொபைல் சேனல்கள் இப்போ குடித்தனம் நடத்துது.

எனக்கும் ஆசைதான், ஆனா கணக்கு இடிக்குது. 2024ல் அமெரிக்காவில் வித்த மஸ்டாங் மொத்தமே சுமார் 44 ஆயிரம். அதுலயும் எல்லாமே வி-8 கிடையாது, 2.3 லிட்டர் நாலு சிலிண்டர் டர்போவும் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கை. 2,35,000ங்கிறது லாரி லாரியா விக்கிற ஒரு பிக்கப்புக்கோ எஸ்யூவிக்கோ செய்யுற அளவு, ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு இல்ல. மஸ்டாங்கோட 5.0 லிட்டர் 'கொயோட்டி' எஞ்சின் கனடாவுல வின்ட்சர் நகரத்துல உருவாகுது, கார் மிச்சிகன்ல ஃபிளாட் ராக் ஆலையில பூட்டப்படுது. ரெண்டுக்கும் நடுவுல சில மணி நேர லாரிப் பயணம் கூட இல்ல. அதை விட்டுட்டு சென்னைத் துறைமுகத்துலேர்ந்து கப்பல்ல ஏத்துவாங்களா? இது என் யூகம்தான், ஆனா அந்த வீடியோக்காரர் யூகத்தை விட என் யூகத்துக்குக் கொஞ்சம் கால் இருக்கு.

சரி, எஞ்சின் இங்கேயே செய்றாங்கன்னே வச்சுப்போம். அப்பவும் கார் முழுசா வெளிநாட்டுல பூட்டித்தான் வரணும். சுங்க வரி முழுக் காருக்கும் விழும். எஞ்சின்ல 'மறைமலைநகர்'னு அச்சு குத்தியிருந்தா கஸ்டம்ஸ்ல தள்ளுபடி கிடையாது.

இப்போ என் கதை.

2018 ஜூன். சென்னையில வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம், சம்பளம் 34,000. ஒரு ஞாயித்துக்கிழமை ஈசிஆர்ல கோவளம் தாண்டி டீக்கடையில நின்னுட்டு இருந்தப்ப ஒரு மஞ்சள் மஸ்டாங் போச்சு. கண்ணுக்குத் தெரியிறதுக்கு முன்னாடியே சத்தம் வந்துச்சு. வி-8 சத்தத்தை நேர்ல கேக்காதவங்களுக்கு அதை எழுதிப் புரிய வைக்க முடியாது. கடையில கண்ணாடி டம்ளர் லேசா நடுங்குச்சு, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

1964 ஏப்ரல் 17ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகமான கார் அது. ஆரம்ப விலை 2,368 டாலர். இளைஞர்கள் வாங்கக்கூடிய விலைங்கிறதுதான் அதோட அடையாளமே. இந்தியாவுக்கு அது வந்து சேர 52 வருஷம் ஆச்சு. 2016 ஜூலையில் 5.0 லிட்டர் ஜிடி, சுமார் 400 குதிரைத்திறன், ஆறு கியர் ஆட்டோமேட்டிக் மட்டும், டெல்லி எக்ஸ்-ஷோரூம் 65 லட்சம். அமெரிக்காவுல ஒரு பள்ளிக்கூட வாத்தியார் லோன் போட்டு வாங்குற கார், இங்க வந்தப்ப கோடீஸ்வரன் காராயிடுச்சு.

அன்னைக்கு ராத்திரியே தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் ஓபன் பண்ணேன். போன்ல அதுக்குப் பேரு 'குதிரை'. மாசம் 8,000 தானா அதுக்குப் போயிடும். தப்பு இல்லையே, ஒழுக்கமான சேமிப்புதானே? நானும் அப்படித்தான் நெனச்சேன். ஏன் எஃப்டி, ஆர்டி போடலன்னு கேட்டா, எப்ப வேணா தேவைப்படும்ல, எந்த நிமிஷம் அறிவிப்பு வருமோ தெரியாதுல்ல! இப்ப எழுதும்போது எனக்கே கூச்சமா இருக்கு.

அறிவிப்பு வரவே இல்லைன்னு சொல்ல முடியாது. வந்துக்கிட்டேதான் இருந்துச்சு, அதுதான் பிரச்சினை. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 விதி வந்தப்ப இந்தியாவுல மஸ்டாங் விற்பனை நின்னுச்சு. 'புது மாடலோட திரும்பி வரும்'னு எல்லா சேனலும் சொல்லுச்சு. 2021 செப்டம்பர் 9, ஃபோர்டு இந்தியாவுல கார் தயாரிப்பையே நிறுத்துறோம்னு அறிவிச்சுது. பத்து வருஷத்துல 200 கோடி டாலருக்கு மேல நஷ்டம்னு சொன்னாங்க. மறைமலைநகர்லயும் சானந்த்லயும் ஆயிரக்கணக்கான குடும்பத்துக்கு அன்னைக்கு சோறு இறங்கியிருக்காது. நான் அந்த அறிக்கையில தேடுனது வேற. அதுலயே இனி மஸ்டாங் மாதிரி கார்களை இறக்குமதி பண்ணி விப்போம்னு ஒரு வரி இருந்துச்சு. 'கம்பெனியே சொல்லிட்டாங்கடா'னு ஃப்ரெண்டுக்கு மெசேஜ் போட்டேன். 2022 செப்டம்பர்ல டெட்ராய்ட்ல ஏழாம் தலைமுறை மஸ்டாங் வெளியாச்சு. 'டார்க் ஹார்ஸ்' 500 குதிரைத்திறன். வலது பக்க ஸ்டியரிங் கார் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போச்சு. நமக்கு வரல.

விதி தடுக்குதான்னா அதுவும் இல்ல. 2018லயே மத்திய அரசு, ஒரு கம்பெனி வருஷத்துக்கு 2,500 கார் வரைக்கும் இங்க மறுபடி முழு சோதனை பண்ணாம இறக்குமதி பண்ணிக்கலாம்னு வழி திறந்து விட்டுச்சு. வழி இருக்கு, காரும் இருக்கு. விக்கிறதுக்குக் கடையும் சர்வீஸ் பண்ண ஆளும் வேணும், கடையை மூடிட்டுப் போன கம்பெனிக்கு அது எவ்வளவு கஷ்டம்னு அப்போ நான் யோசிக்கல.

இதுக்கு நடுவுல வீட்டுல என்ன நடந்துச்சுன்னு சொல்லணும்.

2021ல் அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சாங்க. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை மதுரைக்கு செக்கப். விடியக்காலையில கிளம்பி சிங்கம்புணரி வழியா பஸ். கார் பிடிச்சுப் போங்கப்பான்னு சொல்வேன். "போக வர 3,500 கேக்குறாய்ங்க, பஸ்ஸு வீட்டு வாசல்லயே நிக்கிது, எதுக்கு?"ம்பார். ரிட்டையர்டு வாத்தியார், கணக்கு நம்மள விடக் கறார். வீட்டுல ஒரு பழைய காராவது வாங்கிப் போடலாமேன்னு அம்மா ஒரு தடவை கேட்டாங்க. கொஞ்ச நாள் பொறுங்கன்னு சொன்னேன். அப்பாவுக்கு 'குதிரை' அக்கவுண்ட் விஷயம் தெரியும். ஞாயித்துக்கிழமை போன்ல கடைசியா ஒரு கேள்வி கேப்பார்: "என்னடா, உன் குதிரை எப்ப வருது?" கிண்டல்தான்.

2023 ஏப்ரல் வெயில்ல செக்கப் முடிச்சுத் திரும்பும்போது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல அவருக்குத் தலை சுத்தி உக்காந்துட்டார். யாரோ ஒரு பழக்கடைக்காரர் சோடா வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விட்டிருக்கார். எனக்கு விஷயம் தெரிஞ்சது மூணு வாரம் கழிச்சு, அதுவும் அம்மா வாய் தவறிச் சொன்னதால. அன்னைக்கு 'குதிரை' அக்கவுண்ட்ல அஞ்சு லட்சத்துக்கு மேல இருந்துச்சு.

வட்டிக் கணக்கையும் போட்டுக் காட்டிடறேன், இது ஃபைனான்ஸ் பிளாக் ஆச்சே. மாசம் 8,000, 60 மாசம். சேவிங்ஸ் அக்கவுண்ட்ல சராசரி 3%னு வச்சா சுமார் 5.17 லட்சம். அதையே 6% ஆர்டியில போட்டிருந்தா சுமார் 5.58 லட்சம். வித்தியாசம் 41 ஆயிரம் ரூபாய். 'எப்ப வேணா தேவைப்படும்'ங்கிற எண்ணத்துக்கு நான் கட்டுன வாடகை அது. ஆனா என்னை உறுத்துறது அந்த 41 ஆயிரம் இல்ல. மாட்டுத்தாவணி.

ஜூன்ல 2016 மாடல் ஈகோஸ்போர்ட் ஒண்ணு செகண்ட் ஹேண்டா 4.60 லட்சத்துக்கு வாங்குனேன். அதுவும் ஃபோர்டுதான், அதே மறைமலைநகர்ல செஞ்ச வண்டி. கொன்னையூர் முத்துமாரியம்மன் கோயில்ல பூசை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டுக் கிளம்பினோம். அப்பா முன் சீட்டுல உக்காந்து பெல்ட்டை இழுத்து மாட்டிக்கிட்டு, "இதுதான் அந்தக் குதிரையா?"ன்னார்.

நான் 2023ல நிறுத்தலன்னா எவ்வளவு தூரம் இழுத்திருப்பேன்னு அப்பப்ப யோசிப்பேன். 2024 தொடக்கத்துல ஃபோர்டு இந்தியாவுல எவரெஸ்ட் எஸ்யூவியோட டிசைனைப் பதிவு பண்ணியிருக்குன்னு செய்தி, 'என்டவர் திரும்புது, கூடவே மஸ்டாங்'னு ஒரே கொண்டாட்டம். 2024 செப்டம்பர்ல, முதலமைச்சர் அமெரிக்கா போயிட்டு வந்த சமயத்துல, ஆலையை ஏற்றுமதிக்காகத் திறக்கிறோம்னு விருப்பக் கடிதம். 2025 அக்டோபர்ல எஞ்சின் ஒப்பந்தம். ஒவ்வொண்ணும் எனக்கு 'இன்னும் ஒரு வருஷம்' வாங்கிக் கொடுத்திருக்கும். டிசைன் பதிவுங்கிறது வேற யாரும் காப்பி அடிக்காம இருக்கப் போடுற வேலி. வேலி போட்டவன் எல்லாம் வீடு கட்டிடறானா?

யூடியூபர்களை மட்டும் குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, கம்பெனி வாயால சொன்னதும் நடக்காது. 2017 ஜனவரியில ஃபோர்டே மேடை போட்டு, 2020ல மஸ்டாங் ஹைபிரிட் வரும்னு சொல்லுச்சு. இன்னைக்கு வரைக்கும் வரல. டாட்ஜ் கதை இன்னும் வேடிக்கை. 2023ல வி-8 சார்ஜர், சேலஞ்சர் ரெண்டையும் நிறுத்திட்டு, இனி எலெக்ட்ரிக்தான்னு சார்ஜர் டேடோனாவைக் கொண்டு வந்தாங்க. ஸ்பீக்கர் வழியா வி-8 மாதிரி உறுமல் வேற. விற்பனை எதிர்பார்த்த மாதிரி போகல, பின்னாடியே ஆறு சிலிண்டர் ட்வின் டர்போ பெட்ரோல் வண்டியும் வந்துடுச்சு. பல்லாயிரம் கோடி போட்டு அந்தக் காரைச் செஞ்சவங்களுக்கே அதுல எந்த எஞ்சின் நிலைக்கும்னு தெரியல. சிறுசேரியில உக்காந்துக்கிட்டு சித்தி பையன் அதை நம்பி டவுன் பேமெண்ட் சேக்குறான்.

'வந்தா என்ன விலை?'னு கேட்டீங்கன்னா, வாங்க, போட்டுப் பாப்போம். இங்க வந்து இறங்கும்போது காரோட மதிப்பு 40 லட்சம்னு வச்சுக்குவோம், அமெரிக்க வி-8 ஜிடி விலையை ஒட்டித்தான் இது. 3,000 சிசிக்கு மேல, அதனால சுங்க வரி. 2025 பட்ஜெட்ல இதை 100%லேர்ந்து 70%ஆ குறைச்சுட்டாங்கன்னு தலைப்புச் செய்தி வந்துச்சு, ஞாபகம் இருக்கா? கூடவே 40% வேளாண் கட்டமைப்பு செஸ் போட்டாங்க, அது தலைப்புல வரல. ஆக 110%, முன்னாடி இருந்த அதே இடம். 44 லட்சம். மொத்தம் 84. அதுமேல 2025 செப்டம்பர் 22லேர்ந்து பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40%, அது 33.6 லட்சம். ஆச்சு 1 கோடியே 17 லட்சத்து 60 ஆயிரம். தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல போற காருக்கு வாழ்நாள் வரி 20%, இன்னொரு 23.5 லட்சம். மொத்தம் சுமார் 1.41 கோடி. டீலர் லாபம், இன்சூரன்ஸ் இதுல சேரல.

40 லட்சம் ஜாஸ்தி, கம்பெனி குறைச்சுக் காட்டும்னு ஒருத்தர் சண்டைக்கு வருவீங்க. 30 லட்சம்னு போடுங்க. அப்பவும் 1.05 கோடியைத் தாண்டுது.

1.1 கோடி லோன், 9% வட்டி, ஏழு வருஷம்னா ஈஎம்ஐ மாசம் சுமார் 1.77 லட்சம். கையில 46,000 வாங்குறவன்கிட்ட இதுக்கு மேல நான் என்ன சொல்ல? லோன் வேணாம், சேத்தே வாங்குறேன்னா, மாசம் 34,000 எஸ்ஐபி, 15 வருஷம், 10% கிடைச்சா 1.41 கோடி வரும். 10% யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க. அதுக்குள்ள கார் விலையும் சும்மா நிக்காது.

இதைச் சொன்னா உடனே, 'அப்ப கனவே காணக் கூடாதா, ஃபைனான்ஸ் பேசுறவங்க எல்லாம் இப்படித்தான்'னு வரும். நான் அந்தக் கட்சி இல்ல. மஸ்டாங் ஆசை எனக்கு இன்னும் போகல. எஞ்சின் ஆறு சிலிண்டரா எட்டான்னு நாலு மணி நேரம் வாய்ச்சண்டை போட இப்பவும் நான் ரெடி, அது ஃப்ரீ. தன் ஆசைக்கு மாசம் ரெண்டாயிரமோ அஞ்சாயிரமோ ஒதுக்குறதும் தப்பில்ல. என் சண்டை ஒரே விஷயத்தோடதான்: அடுத்தவன் சொன்ன ரிலீஸ் தேதியை நம்ம வீட்டு பட்ஜெட்டோட முடிச்சுப் போடுறது. எஃப்டின்னா முதிர்வுத் தேதி ரசீதுல இருக்கும். வதந்திக்கு ரசீது கிடையாது. தேதி தெரியாததால காசை எங்கயும் போட முடியாது, அவசரத்துக்கு எடுக்கவும் மனசு வராது. நல்லா விளையுற நிலத்தை யாரோ வருவான்னு தரிசா போட்டு வச்ச மாதிரி.

அதுலயும் அப்பா அம்மா இன்சூரன்ஸைத் தள்ளிப் போடுறவங்க இன்னொண்ணைக் கவனிக்கணும். ஏற்கெனவே இருக்குற நோய்க்கு பாலிசியில காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரல்லேர்ந்து ஐஆர்டிஏஐ விதிப்படி அது அதிகபட்சம் மூணு வருஷம், முன்னாடி நாலா இருந்துச்சு. தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22லேர்ந்து இல்ல. ஆனா அந்த மூணு வருஷக் கடிகாரம் நீங்க பிரீமியம் கட்டுன அன்னைக்குத்தான் ஓட ஆரம்பிக்கும். சித்திக்கு நாலு வருஷமா சுகர் இருக்கு. அவன் வேலையில சேர்ந்த 2023லயே எடுத்திருந்தா இந்த வருஷம் காத்திருப்பு முடிஞ்சிருக்கும்.

இதெல்லாம் டீக்கடையில நின்னு சொல்லி முடிக்கும்போது இருட்டிடுச்சு. அவன் ஒண்ணும் பேசல. வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட மாட்டுத்தாவணி கதையைக் கேட்டிருக்கான் போல. என்கிட்டச் சொன்னதை விட அவன்கிட்ட நிறையச் சொல்லியிருக்கார். அந்தப் பழக்கடைக்காரர் காசு வாங்க மாட்டேன்னு சொன்னாராம், அது எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ஜனவரி கடைசி வாரம் பாலிசி போட்டுட்டான், சித்தியோட சுகரை மறைக்காம எழுதித்தான். பிரீமியம் கொஞ்சம் ஏறிச்சு, பரவாயில்ல. மிச்சத்துல ஒரு லட்சம் அவசரத்துக்கு லிக்விட் ஃபண்டுல. மீதியை ஒரு வருஷ எஃப்டி போட்டு அதுக்கு 'எம்'னு பேர் வச்சிருக்கான். அதை நான் கேள்வி கேக்கல.

அவன் பாலிசியில காத்திருப்பு முடியிறது 2029 ஜனவரி. மறைமலைநகர்ல எஞ்சின் ஆரம்பிக்கிறதா சொல்லியிருக்கிறதும் அதே 2029. நேத்து ராத்திரி மறுபடி ஒரு லிங்க் அனுப்பியிருந்தான், அடுத்த மஸ்டாங்ல ஆறு கியர் மேனுவல் இருக்குமா, பத்து கியர் ஆட்டோமேட்டிக் மட்டுமான்னு. மேனுவல்தான்டா இருக்கணும்னு பதில் போட்டுட்டுத் தூங்கிட்டேன்.